எந்த நாயகியிலிருந்து தொடங்குவது? பெங்களூரில் காமிக்ஸ் வாசிக்கப் புகுவோருக்கு ஒரு வழிகாட்டி

எலக்ட்ரானிக் சிட்டியில் வேலைக்குச் சேர்ந்திருந்த என் அக்கா மகள், அல்சூரில் உள்ள எங்கள் வீட்டுக்கு ஒரு சனிக்கிழமை வந்திருந்தபோது, "மாமா, காமிக்ஸ்ல எல்லாரையும்விட சக்தி அதிகமான லேடி சூப்பர் ஹீரோ யாரு? அவங்க புத்தகத்தை மட்டும் சொல்லுங்க, வாங்கிப் படிச்சுடறேன்" என்று கேட்டாள். படங்களை ஒன்றுவிடாமல் பார்த்தவள்; புத்தகத்தைத்தான் தொட்டதில்லை. நானும் யோசிக்காமல் ஜீன் கிரே என்று சொல்லிவிட்டேன். அவள் வாங்கி வந்த தடித்த தொகுப்பு, பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்த ஒரு கதையின் நடுவில் தொடங்கியது. நாற்பதாம் பக்கத்தில் அவள் அடையாளத்துக்குச் செருகி வைத்த பஸ் டிக்கெட் இன்றும் அங்கேயே இருக்கிறது.

என் விடை மட்டுமல்ல, அந்தக் கேள்வியே புதியவரை வழிதவறச் செய்யக்கூடியது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அமெரிக்கக் காமிக்ஸில் ஒரு நாயகியின் ஆற்றலுக்கு நிலையான அளவு கிடையாது. எழுதுகிறவர் மாறும்போது அது கூடும், குறையும், சில சமயம் அடியோடு மறைந்தும் போகும். 1963-இல் எக்ஸ்-மென் முதல் இதழில் அறிமுகமான ஜீன் கிரே, மனத்தால் பொருள்களை நகர்த்தத் தெரிந்த ஒரு பள்ளி மாணவி. 1980-இல் அதே பெண் ஒரு சூரியனை விழுங்கி, அதைச் சுற்றிவந்த உலகின் 500 கோடி உயிர்களை அழிக்கிறாள். 1941-இன் இறுதியில் தோன்றிய வொண்டர் வுமன், 1968-இல் தன் ஆற்றல்களைத் துறந்து துணிக்கடை நடத்தும் பெண்ணாக ஆக்கப்பட்டு, 1973-இல்தான் அவற்றைத் திரும்பப் பெற்றாள். ஆகவே கடைக்குப் போகும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியது, யாருக்குச் சக்தி அதிகம் என்பதன்று. எந்த எழுத்தாளரின் கையில், எந்தத் தொகுப்பில் அந்த நாயகியைச் சந்திக்கப் போகிறோம் என்பதே.

கிளம்புவதற்கு முன் சில சொற்கள்

காமிக்ஸ் விற்கும் இடத்தில் புழங்கும் நான்கு சொற்களைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். முதலாவது இஷ்யூ, அதாவது தனி இதழ். இருபதிலிருந்து இருபத்திரண்டு கதைப் பக்கங்கள், நடுவில் பின் அடித்த மெல்லிய புத்தகம். தொடக்கக்காரர் இதை வாங்க வேண்டிய தேவை இல்லை. அரை மணி நேரத்தில் முடிந்து, கதையை ஆறில் ஒரு பங்கில் விட்டுவிடும். இரண்டாவது ட்ரேட் பேப்பர்பேக். ஐந்தாறு இதழ்களைச் சேர்த்து, பெரும்பாலும் ஒரு கதைப்பகுதி முழுமையாக அமையும்படி கட்டிய தொகுப்பு இது. நீங்கள் தேட வேண்டியது இதைத்தான். மூன்றாவது ஆம்னிபஸ். செங்கல் கனமும் அதற்கேற்ற விலையும் உள்ள பெருந்தொகுப்பு. அலமாரியில் அழகாக இருக்கும், ஆனால் மடியில் வைத்துப் படித்தால் கால் மரத்துப்போகும். அதை இரண்டாம் ஆண்டுக்கு ஒத்திவையுங்கள்.

நான்காவது சொல்தான் முக்கியமானது: ரன். ஒரு தலைப்பை ஓர் எழுத்தாளர் தொடர்ந்து எழுதிய காலப்பகுதியை ரசிகர்கள் இவ்வாறு அழைப்பார்கள். எக்ஸ்-மென் தொடரைக் கிறிஸ் கிளேர்மான்ட் 1975-இலிருந்து 1991 வரை எழுதினார். அது கிளேர்மான்ட் ரன். வொண்டர் வுமனை 1987-இல் ஜார்ஜ் பெரெஸ் புதிதாகத் தொடங்கினார். அது பெரெஸ் ரன். ஒரு நாயகியின் பெயரைச் சொன்னால் கடைக்காரரால் ஓர் அலமாரியைத்தான் காட்ட முடியும். ரன்னைச் சொன்னால் ஒரு புத்தகத்தை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார்.

இதோடு ஓர் எச்சரிக்கையும் உண்டு. அட்டையில் ஒன்றாம் எண் இருப்பதாலேயே அது கதையின் தொடக்கம் ஆகிவிடாது. விற்பனையைத் தூக்கி நிறுத்துவதற்காகப் பதிப்பகங்கள் அவ்வப்போது எண்ணிக்கையைப் புதிதாகத் தொடங்குகின்றன. வொண்டர் வுமன் என்ற தலைப்பில் மட்டும் 1942, 1987, 2006, 2011, 2016, 2023 ஆகிய ஆண்டுகளில் ஒன்றாம் இதழ்கள் வந்துள்ளன. எனவே எண்ணோடு ஆண்டையும் சேர்த்துக் குறித்துக்கொள்வது நல்லது. நான் கடைக்குப் போகும்போது ஒரு துண்டுச் சீட்டில் நாயகி, எழுத்தாளர், ஆண்டு ஆகிய மூன்றையும் எழுதி எடுத்துச் செல்வேன். மளிகைச் சீட்டு மாதிரி இருக்கிறதென்று வீட்டில் சிரிப்பார்கள்.

முதல் புத்தகம்

இதற்கு முன் ஒரு காமிக்ஸ்கூடப் படிக்காதவருக்கு நான் இப்போது தயங்காமல் சொல்வது, கமலா கான் நாயகியாக வரும் மிஸ் மார்வெல் தொடரின் முதல் தொகுப்பான நோ நார்மல். 2014-இல் ஜி. வில்லோ வில்சன் எழுதி, ஏட்ரியன் அல்ஃபோனா வரைந்து தொடங்கிய இத்தொடருக்கு, நியூ ஜெர்சியில் வளர்ந்த பாகிஸ்தானிய வம்சாவளிப் பெண்ணான சனா அமானத் ஆசிரியராக இருந்தார். 2015-இல் இத்தொகுப்பு அறிவியல் புனைவுக்கும் மிகைப்புனைவுக்கும் தரப்படும் ஹ்யூகோ விருதைப் பெற்றது. கமலாவுக்கு வயது பதினாறு; ஜெர்சி சிட்டியில் வாழ்கிறாள்; இரவு விருந்துக்குப் போகக்கூடாது என்று அப்பா தடுக்க, ஜன்னல் வழியாக வெளியேறுகிறாள். அன்றிரவு சூழ்ந்த ஒரு மூடுபனியில் அவளுக்கு உருமாறும் ஆற்றல் கிடைக்கிறது. கிடைத்தவுடன் அவள் செய்யும் முதல் காரியம், தான் வழிபடும் வீராங்கனையான கேரல் டான்வர்ஸைப் போலப் பொன்னிறக் கூந்தலும் வெள்ளைத் தோலுமாக மாறுவது. அந்த உருவம் தனக்குப் பொருந்தவில்லை என்று அவள் உணர்வதுதான் கதையின் முதுகெலும்பு.

இதை முதலில் பரிந்துரைப்பதற்குக் காரணம் இருக்கிறது. முந்தைய வரலாறு எதுவும் தெரியாமலே படிக்கலாம். அதோடு, மகள் வீடு திரும்பும்வரை தூங்காமல் உட்கார்ந்திருக்கும் பெற்றோர், மதத்தில் ஊறிய அண்ணன், பொய் சொல்ல வேண்டியிருக்கிறதே என்ற உறுத்தல் ஆகிய எல்லாமே நம் வீடுகளில் உள்ளவை. முருகேஷ்பாளையத்திலோ ஃப்ரேசர் டவுனிலோ வளர்ந்த எந்தப் பெண்ணுக்கும் அந்தச் சாப்பாட்டு மேசை உரையாடல்களுக்கு அடிக்குறிப்புத் தேவைப்படாது. என் அக்கா மகள் இரண்டாவது முயற்சியாக இதைத்தான் எடுத்தாள்; ஒரே இரவில் முடித்துவிட்டாள்.

வொண்டர் வுமன்: முதல் பாகத்தைத் தாண்டி இரண்டாம் பாகம்

படங்களின் வழியே வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது வொண்டர் வுமனை. இவளை உருவாக்கிய வில்லியம் மோல்டன் மார்ஸ்டன் ஓர் உளவியலாளர். பொய் சொல்லும்போது இரத்த அழுத்தம் மாறுவதை அளக்கும் சோதனையை ஆராய்ந்தவர் அவர் என்பதால், உண்மையைக் கக்கவைக்கும் கயிறும் அங்கிருந்தே பிறந்தது என்று பலரும் எளிதாக முடிச்சுப் போட்டுவிடுவார்கள். ஆனால் தொடக்ககாலக் கதைகளில் அந்தக் கயிறு, கட்டுண்டவரைக் கீழ்ப்படிய வைக்கும் கயிறாகவே இருந்தது. ஹெச். ஜி. பீட்டர் வரைந்த அந்த 1940-களின் பக்கங்களில் ஒரு விசித்திர அழகு உண்டு. 1944-இல் பத்தொன்பது வயதில் மார்ஸ்டனிடம் உதவியாளராகச் சேர்ந்த ஜாய் ஹம்மல் அவற்றுள் பல கதைகளைத் தம் பெயர் வெளியே தெரியாமல் எழுதினார் என்பதும் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி. ஆயினும் அங்கிருந்து தொடங்குங்கள் என்று நான் சொல்லமாட்டேன். இன்றைய வாசகருக்கு நடை களைப்பூட்டும்.

தொடங்க ஏற்றது, கிரெக் ரக்கா 2016-இல் எழுதிய ரன். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அவர் ஒரே தலைப்பில் இரண்டு கதைகளை மாறிமாறி நடத்தினார்: ஒற்றைப்படை எண் கொண்ட இதழ்களில் நிகழ்காலக் கதை, இரட்டைப்படை எண் கொண்ட இதழ்களில் நாயகியின் தொடக்கக் கதை. தொகுப்பாக வந்தபோது நிகழ்காலக் கதை தி லைஸ் என்ற பெயரில் முதல் பாகமாகவும், தொடக்கக் கதை இயர் ஒன் என்ற பெயரில் இரண்டாம் பாகமாகவும் பிரிந்துவிட்டன. புதியவர் இரண்டாம் பாகத்தையே முதலில் வாங்க வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால், முதல் பாகம் என்ற எண்ணை நம்பி வாங்கியவர், யார் எவர் என்று புரியாமல் விழிப்பார்.

நிக்கோலா ஸ்காட் வரைந்த இயர் ஒன்னில் டயானா (வொண்டர் வுமனின் இயற்பெயர்) தன் தீவைவிட்டு வெளியே வரும்போது அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. ஒரு விமானத்தைத் தூக்கக்கூடியவளுக்குத் தண்ணீர் வேண்டும் என்று சொல்லத் தெரியவில்லை. பார்பரா ஆன் மினர்வா என்ற மொழி அறிஞர் வந்து, பழைய மொழிகளின் துணையால் அவளோடு பேச ஒரு பாதை அமைக்கிறார். பின்னாளில் இந்த மினர்வாதான் சீட்டா என்னும் எதிரியாக மாறப்போகிறவர் என்று தெரிந்து படிப்பவருக்கு அந்தக் காட்சிகள் கூடுதலாக வலிக்கும். பெங்களூர் வந்த முதல் மாதத்தில் கன்னடம் பிடிபடாமல், கைவிரலைக் காட்டி ஆட்டோக் கட்டணம் பேசியவர்களுக்கு இந்தப் பகுதி நன்றாகப் புரியும்.

கிரேக்கத் தெய்வங்களும் புராண வாசனையும் நிறைய வேண்டும் என்பவர்கள் அடுத்ததாக ஜார்ஜ் பெரெஸின் 1987-ஆம் ஆண்டு ரன்னுக்குப் போகலாம். ஆண்களால் கொல்லப்பட்ட பெண்களின் ஆன்மாக்களே வொண்டர் வுமனின் குலத்தவரான அமேசான்களாக மறுபிறவி எடுத்தன என்ற கற்பனை அங்கேதான் வருகிறது. கட்டங்கள் நெருக்கமாகவும் எழுத்து அடர்த்தியாகவும் இருக்கும். ஒரே மூச்சில் படிக்க முயல வேண்டாம்.

ஸ்டார்ம், ஆற்றல் இல்லாதபோது

என் சொந்தச் சாய்வை மறைக்காமல் சொல்கிறேன்: அமெரிக்கக் காமிக்ஸின் மிகச் சிறந்த பெண் பாத்திரம் ஸ்டார்ம்தான். 1975-இல் லென் வீனும் டேவ் காக்ரமும் எக்ஸ்-மென் அணிக்குள் அறிமுகப்படுத்திய ஒரோரோ மன்ரோ (ஸ்டார்மின் இயற்பெயர்), கென்யத் தாய்க்கும் அமெரிக்கக் கறுப்பினத் தந்தைக்கும் பிறந்தவள். கெய்ரோவில் குண்டுவீச்சின்போது இடிபாடுகளுக்குள் பெற்றோரோடு புதையுண்டு, தான் மட்டும் உயிர் பிழைத்தவள். வானிலையே அவள் கட்டளைக்கு ஆடும். ஆனால் சிறிய மூடிய அறையில் அடைத்தால் மூச்சுத் திணறிச் சுருண்டுவிடுவாள். புயலை ஏவுகிறவளுக்கு நான்கு சுவர்களைக் கண்டு நடுக்கம் என்ற இந்த முரணைக் கிளேர்மான்ட் பதினாறு ஆண்டுகளுக்கும் மேலாக விடாமல் பயன்படுத்தினார்.

1984-இல் வந்த அன்கேனி எக்ஸ்-மென் 185-ஆம் இதழில், வேறொருத்திக்குக் குறிவைத்த ஓர் ஆயுதம் தவறிப் பட்டு ஸ்டார்ம் தன் ஆற்றல்களை இழக்கிறாள். அடுத்த இதழான 186, பாரி வின்ட்சர்-ஸ்மித் வரைந்தது. அதில் சண்டை என்று சொல்லத்தக்கது அநேகமாக இல்லை. பறக்க முடியாமல் போன ஒரு பெண், தன்னைப் பராமரிக்கும் ஆணின் வீட்டில் நடந்து, உணவருந்தி, அவன்மீது அன்பு கொண்டு, தன் ஆற்றலைப் பறித்த ஆயுதத்தைச் செய்தவன் அவனே என்று அறிந்து வெளியேறுவதுதான் முழு இதழும். பிறகு 201-ஆம் இதழில், துளி ஆற்றலும் இல்லாத நிலையில் சக எக்ஸ்-மென் வீரனான சைக்ளாப்ஸை நேருக்கு நேர் வென்று அணியின் தலைமையை ஏற்கிறாள். யாருக்குச் சக்தி அதிகம் என்று கேட்பவர்களிடம் நான் இப்போது இந்த இதழைத்தான் நீட்டுகிறேன்.

கிளேர்மான்ட் ரன்னைப் பல்வேறு தொகுப்புகளில் பல்வேறு விதமாகக் கட்டி விற்கிறார்கள். ஆகவே பெயரை நம்பாமல், பின்னட்டையிலோ உள்பக்கத்திலோ சிறிய எழுத்தில் இருக்கும் கலெக்டிங் என்ற வரியைப் பார்த்து, நீங்கள் தேடும் இதழ் எண்கள் அதற்குள் அடங்குகின்றனவா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஜீன் கிரேயின் டார்க் ஃபீனிக்ஸ் கதையையும் இதே வழியில் தேடலாம்: அதன் முடிவு 137-ஆம் இதழில் இருக்கிறது. ஜீனின் ஆற்றலை மட்டும் பறித்து உயிரோடு விட்டுவிடத்தான் எழுத்தாளரும் ஓவியரும் முதலில் நினைத்திருந்தார்கள். ஓர் உலகையே அழித்தவளுக்குத் தண்டனை இல்லாமல் கதை முடியக்கூடாது என்று தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் வலியுறுத்தியதால் அவள் இறந்தாள். அந்த மரணத்தின் கனம் உறைக்க வேண்டுமானால் அதற்கு முந்தைய சில இதழ்களாவது படித்திருக்க வேண்டும். பஸ் டிக்கெட் செருகிய புத்தகத்தில் நான் செய்த பிழை அதுதான்.

விருப்பத்துக்கு ஏற்ப வேறு சில

கண்ணீருக்குத் தயாராக இருப்பவர்களுக்கு, ஜேசன் ஆரன் எழுதி ரஸல் டாட்டர்மன் வரைந்து 2014-இல் தொடங்கிய தோர். தோர் தன் சம்மட்டியைத் தூக்கும் தகுதியை இழந்தபின் முகமூடி அணிந்த ஒரு பெண் அதைத் தூக்குகிறாள். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவரும் ஜேன் ஃபாஸ்டர் அவள் என்பது எட்டாம் இதழில்தான் தெரியும் (இவ்வளவு ஆண்டுகளுக்குப் பிறகு இதை ரகசியமாக வைத்திருப்பதில் பொருள் இல்லை). அவள் இடியின் தெய்வமாக உருமாறும் ஒவ்வொரு முறையும் உடலிலிருந்து நச்சுகள் எல்லாம் அகற்றப்படுகின்றன. மருந்தும் ஒரு நச்சுதான் என்பதால் கீமோதெரபியும் அகன்றுவிடுகிறது, புற்று மட்டும் தங்கிவிடுகிறது. பிறரைக் காப்பாற்றச் சம்மட்டியைத் தூக்கும்போதெல்லாம் அவளுடைய நாள்கள் குறைகின்றன. முதல் தொகுப்பின் பெயர் தி காடஸ் ஆஃப் தண்டர். வீட்டில் அந்த நோயைப் பார்த்தவர்கள் சற்று யோசித்துத் தொடங்கலாம்.

சூப்பர்கேர்ளுக்கு டாம் கிங் எழுதி, பிரேசில் ஓவியர் பில்கீஸ் எவ்லி வரைந்த வுமன் ஆஃப் டுமாரோ போதும். எட்டே இதழ்கள், ஒரே தொகுப்பு. தந்தையைக் கொன்றவனைத் தேடிப் புறப்பட்ட ஒரு சிறுமி, பழைய கதைசொல்லிகளின் மிடுக்கான ஆங்கிலத்தில் கதையைச் சொல்கிறாள் என்பதால், முதல் புத்தகமாக இதை எடுக்காமல் மூன்றாவதாக எடுப்பது நலம். ஓவியத்துக்காக மட்டுமே இரண்டாம் முறை புரட்டுவீர்கள்.

சிரிக்க விரும்புவோருக்கும் சட்டம் படிப்போருக்கும் ஷீ-ஹல்க். தொலைக்காட்சித் தொடர்க்காரர்கள் பெண் ஹல்க் ஒருத்தியை உருவாக்கி உரிமை கொண்டாடிவிடுவார்களோ என்ற அச்சத்தில் மார்வெல் 1980-இல் அவசரமாக உருவாக்கிய பாத்திரம் அது. அப்படிப் பிறந்தவள் 1989-இல் ஜான் பர்னின் கையில், வாசகரையே அட்டையிலிருந்து மிரட்டுகிறவளாக மாறினாள். வழக்கறிஞரான சார்ல்ஸ் சோல் 2014-இல் எழுதிய பன்னிரண்டு இதழ்கள் தொடங்குவதற்கு எளிது. கேப்டன் மார்வெல் படத்தைப் பார்த்துவிட்டு வருபவர்கள் கெல்லி சூ டெகானிக் 2012-இல் தொடங்கிய ரன்னைத் தேடலாம். முதல் தொகுப்பில் காலப்பயணம் கொஞ்சம் குழப்பும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைக்குப் போகும் நாள்

எம்.ஜி. ரோடு மெட்ரோ நிலையத்தில் இறங்கி சர்ச் ஸ்ட்ரீட்டுக்கு நடந்துவிடலாம். பிளாசம், புக்வோர்ம் ஆகிய இரண்டு கடைகளிலும் புதிய புத்தகங்களோடு பழைய புத்தகங்களும் கிடைக்கும். காமிக்ஸுக்குத் தனி அலமாரிகளும் உண்டு. அல்சூரிலிருந்து இரண்டு நிலையம்தான் என்றாலும், சனிக்கிழமை மாலையைத் தவிர்த்துக் காலையில் போவது நல்லது. அலமாரிகளுக்கு இடையே ஒருவர் நிற்கும் இடத்தில் மூவர் நின்றால் எதையும் நிதானமாகப் புரட்ட முடியாது.

பழைய பிரதியை எடுக்கும்போது மூன்று சோதனைகளைச் செய்யுங்கள். புத்தகத்தை நடுவில் விரித்து, முதுகுப்பசை உடைந்து தாள்கள் கழன்று வருகின்றனவா என்று பாருங்கள். வழவழப்பான தாள் என்பதால் ஒன்று கழன்றால் மற்றவையும் பின்தொடரும். ஈரம் பட்ட தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றனவா என்று ஓரத்தை விரலால் ஓட்டிப் பாருங்கள். கடைசியாக, முதுகில் உள்ள பாக எண்ணைப் பாருங்கள். பழைய புத்தகக் கடைகளில் மூன்றாம் பாகமும் ஐந்தாம் பாகமும்தான் மலிவாகக் கிடக்கும், ஏனென்றால் முதல் பாகத்தை யாரும் எளிதில் விற்பதில்லை. மலிவு என்பதற்காக ஒரு தொடரின் மூன்றாம் பாகத்தை வாங்கி, முதலிரண்டு பாகங்களுக்காக ஓராண்டு அலைந்தவன் நான்.

கடையில் இல்லையென்றால் பெயரைச் சொல்லி வரவழைத்துத் தரமுடியுமா என்று கேளுங்கள். மார்வெல் நாயகிகளை மட்டும் படிப்பதென்றால் மார்வெல் அன்லிமிடெட் என்ற சந்தாச் செயலி செலவைக் குறைக்கும்; புதிய இதழ்கள் அதில் சுமார் மூன்று மாதம் கழித்தே சேரும் என்றாலும் பழைய ரன்களைப் படிப்பவருக்கு அது ஒரு பொருட்டன்று. கைப்பேசித் திரையில் கட்டம் கட்டமாகப் படிப்பதைவிட டேப்லெட்டில் முழுப் பக்கமாகப் படியுங்கள்.

பக்கத்தைப் படிக்கும் விதம்

சொற்களை மட்டும் வேகமாக ஓட்டிவிட்டுப் படங்களை ஓரக்கண்ணால் பார்ப்பதுதான் புதியவர்கள் செய்யும் வழக்கமான தவறு. இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாகக் கட்டங்களைத் தொடருங்கள். ஒரே கட்டத்தில் பல பலூன்கள் இருந்தால் உயரத்தில் இருப்பதை முதலில் படியுங்கள். செவ்வகப் பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் கதைசொல்லியின் குரல். இன்றைய காமிக்ஸில் அந்தப் பெட்டியின் நிறமே பேசுகிறவர் யார் என்று காட்டும். மேகம் போன்ற பலூன் மனத்துக்குள் நினைப்பது. பழைய இதழ்களில் இது ஏராளம், இப்போது அருகிவிட்டது. கிளேர்மான்ட் காலத்து எழுத்தாளர்கள் படத்தில் தெரிவதையே சொல்லிலும் சொல்வார்கள். அது அக்காலத்து வழக்கம். இரண்டு இதழ்களில் பழகிவிடும்.

தெரியாத பெயர் ஒன்று வந்தவுடன் கைப்பேசியை எடுத்துத் தேடாதீர்கள். தேடினால் அந்தப் பாத்திரம் எப்போது இறந்தது, யாரை மணந்தது என்பதெல்லாம் ஒரே பத்தியில் கண்ணில் பட்டுவிடும். இரண்டு முறை படித்தும் விளங்காததை மட்டும் குறித்து வையுங்கள்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால்

சூப்பர் ஹீரோ என்றாலே குழந்தைகளுக்கானது என்ற எண்ணத்தில் எதையும் வாங்கிக் கொடுத்துவிடக்கூடாது. டிசி நிறுவனத்தின் பிளாக் லேபிள் முத்திரை உள்ளவை 17 வயதுக்கு மேற்பட்டோருக்கானவை. மார்வெல் புத்தகங்களில் வயதுக் குறியீடு பின்னட்டையில் இருக்கும். பேட்கேர்ள் பிடிக்கும் என்று சொல்லும் சிறுமிக்கு, 1988-இல் வந்த தி கில்லிங் ஜோக்கைக் கொடுத்துவிடாதீர்கள். அதில் பேட்கேர்ளான பார்பரா கார்டன் சுடப்பட்டு, இழிவுபடுத்தப்பட்டு, நடக்க முடியாதவளாகிறாள். அதுவும் இன்னொருவரின் கதைக்கு ஒரு திருப்பமாக மட்டுமே. அந்த அநியாயத்தைச் சரிசெய்தவர்கள் எழுத்தாளர்களான ஜான் ஆஸ்ட்ரண்டரும் கிம் யேலும். 1989-இல் அவர்கள் அவளைச் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி கணினிகளின் வழியே நாயகர் கூட்டத்துக்கே தகவல் திரட்டித் தரும் ஆரக்கிளாக மீட்டெடுத்தார்கள். பதினான்கு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஆரக்கிள் வரும் பேர்ட்ஸ் ஆஃப் ப்ரே தொடரை, கெயில் சிமோன் 2003-இல் எழுதத் தொடங்கிய பகுதியிலிருந்து கொடுக்கலாம். அதைவிட இளையவர்களுக்குக் கமலா கானே போதும்.

நம் பக்கத்து நாயகிகள்

தமிழில் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு வீராங்கனை என்பது புதிய செய்தி அன்று. சிவகாசியிலிருந்து 1984-இல் வெளிவந்த லயன் காமிக்ஸின் முதல் இதழே கத்தி முனையில் மாடஸ்டி. பீட்டர் ஓ'டானல் 1963-இல் ஒரு லண்டன் நாளிதழுக்காக உருவாக்கிய மாடஸ்டி பிளைஸிக்கு அமானுஷ்ய ஆற்றல் ஏதுமில்லை. ஆனாலும் தமிழ் வாசகர்கள் அவளை இன்றுவரை இளவரசி என்றே அழைக்கிறார்கள். வீட்டில் அப்பாவிடமோ மாமாவிடமோ பழைய பிரதிகள் இருக்கின்றனவா என்று முதலில் விசாரியுங்கள். எடைக்குப் போவதற்குள் கேட்பது நல்லது.

பெங்களூருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 2006-இல் தொடங்கிய வர்ஜின் காமிக்ஸ் இந்நகரில் ஓவியக்கூடம் வைத்து நடத்திய தொடர்களுள் ஒன்று தேவி. சேகர் கபூரின் கருவில் உருவாகி, முகேஷ் சிங் வரைந்த அதில், போர்த் தெய்வத்தின் ஆற்றல் தாரா மேத்தா என்ற இன்றைய பெண்ணுக்குள் இறங்குகிறது. கதை ஏறி இறங்கும். ஓவியம் இன்றும் மங்கவில்லை. 2014-இல் வெளிவந்த பிரியாஸ் சக்தி வேறு வகை. வன்கொடுமைக்கு ஆளாகி, ஊராலும் வீட்டாலும் ஒதுக்கப்பட்ட பெண் புலியின் மீதேறித் திரும்பி வரும் அக்கதையை இணையத்தில் இலவசமாகவே தரவிறக்கிப் படிக்கலாம். பாலியல் வன்முறையைப் பேசுவதால் பெற்றோர் முதலில் படித்துவிட்டுப் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது சுற்று

ஒரு தொகுப்பு பிடித்திருந்தால், அதே நாயகியின் வேறு புத்தகத்தை உடனே தேடாமல், அதே எழுத்தாளரோ ஓவியரோ செய்த அடுத்த புத்தகத்தைத் தேடுங்கள். இயர் ஒன் தொகுப்பில் மினர்வாவின் இளமையைச் சொல்லும் எட்டாம் இதழை வரைந்தவர், சூப்பர்கேர்ளை வரைந்த அதே பில்கீஸ் எவ்லி. ஸ்டார்மின் கதையிலிருந்து பாரி வின்ட்சர்-ஸ்மித்தின் பிற ஓவியங்களுக்குப் போகலாம். பிடிக்கவில்லையென்றால் பாதியில் நிறுத்திவிடுங்கள். அடுத்த பாகத்தில் சரியாகிவிடும் என்று ரசிகர்கள் சொல்வதை நம்பி இரண்டாம் பாகத்தை வாங்காதீர்கள்.

ஆண்டுக்கொரு முறை பெங்களூரில் காமிக் கான் விழா நடக்கிறது. பல ஆண்டுகள் ஒயிட்ஃபீல்டில் நடந்திருக்கிறது. அங்கேயே நடந்தால் பர்ப்பிள் லைன் மெட்ரோவில் போய்விடலாம். வேடமணிந்து வருவோரைப் பார்க்கவே பெருங்கூட்டம் கூடும் என்பதால், புத்தகம் வாங்கப் போகிறவர்கள் முதல் நாள் கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விட வேண்டும். கடைசி நாள் மாலையில் சில கடைகள் விலையைக் குறைப்பதுண்டு, ஆனால் முதல் பாகங்கள் அதற்குள் போயிருக்கும். தோள்பை, தண்ணீர், துண்டுச் சீட்டு ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். சென்ற முறை என் அக்கா மகளும் உடன் வந்தாள். அவள் சீட்டில் ஐந்து பெயர்கள் இருந்தன, ஐந்தும் எழுத்தாளர்களின் பெயர்கள்.